அரசும் வீட்டுச் சுவரும்

ஊருக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக ரயில் ஏறுகிறவர்கள் ஒரு வகையினர். ரயில் ஏற வேண்டும் என்பதற்காகவே ஊரில் ஒரு காரியத்தை உண்டுபண்ணிக் கொள்கிறவர்கள் மற்றொரு வகையினர். நாம் முதல் வகையில் பிறந்தோம். நாற்பது ஆண்டுக் காலம் ஹூக்ளிக் கரையில் குடியிருந்ததன் பயனாக இரண்டாவது வகையில் சேர்ந்துவிட்டோம். கொல்கத்தாவுக்கும் தமிழகத்துக்கும் இடையே ஆண்டுக்கு மூன்று முறையாவது போய் வராவிட்டால் நமக்கு உண்ட உணவு செரிப்பதில்லை. விமானத்தில் போனால் சில மணி நேரந்தானே என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். வாஸ்தவந்தான். ஆனால் அந்தச் சில மணி நேரத்துக்குள் முன்பின் அறியாத ஒருவரோடு வாதாடிச் சண்டையிட்டுச் சமாதானமும் ஆகிவிட முடியுமா? ரயிலில் முடியும்.

இந்த முறை காரியம் நாமாக உண்டுபண்ணிக் கொண்டதன்று. தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் நம்முடைய பழைய வீட்டின் கொல்லைச் சுவரில் அரசங்கன்று ஒன்று முளைத்து, கை நுழையும் அளவுக்குச் சுவர் பிளந்துவிட்டதாகத் தம்பி செல்பேசியில் படம் அனுப்பியிருந்தான். “செப்பனிடுவதா, விற்றுவிடுவதா? நேரில் வந்து ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்” என்பது அவன் செய்தி. பள்ளி விடுமுறையாகையால் பேத்தியையும் உடன் அழைத்துக் கொண்டோம். அவளுக்கு வயது ஒன்பது. பிறந்தது கொல்கத்தாவில். விளையாடுவது வங்காளத்தில், படிப்பது ஆங்கிலத்தில், பாட்டியிடம் அப்பளம் கேட்பது மட்டும் தமிழில். நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் நிலைமை இதுதான் என்பதை அன்பர்கள் அறிவார்கள்.

இரண்டு வாதங்கள்

ஹவுராவில் வண்டி புறப்படும்போது இரவு நெடுநேரம் ஆகியிருந்தது. நமது பகுதியில் வேறு இரண்டு தமிழர்கள் வந்து சேர்ந்தார்கள். ஒருவர் எண்பதைக் கடந்த பெரியவர். தேயிலைக் கம்பெனி ஒன்றில் கணக்கராயிருந்து ஓய்வு பெற்றவர். லேக் மார்க்கெட் பக்கத்தில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக வாடகை வீட்டில் வாசம். நகரத்தின் பெயர் 2001-ஆம் ஆண்டில் மாறிவிட்டதை அவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை; கல்கத்தா என்றுதான் சொல்கிறார். மற்றொருவர் கல்லூரியில் பொருளாதாரம் போதிக்கும் அம்மையார். பூர்விகம் திருநெல்வேலிச் சீமை. சென்னையில் ஒரு கருத்தரங்குக்குப் போய்க்கொண்டிருந்தார்.

“கருத்தரங்குக்குப் பயணப்படி கொடுப்பார்களா, அம்மா?” என்று பெரியவர் விசாரித்தார்.

“கொடுப்பார்கள், ஐயா.”

“பாக்கியசாலி நீங்கள். உங்களுக்குத் தனியாகப் படி உண்டு. எனக்கு வண்டியில் உள்ள படியே எட்டவில்லை.”

இப்படித் தொடங்கியது சம்பாஷணை. பெரியவர் முழங்காலைத் தடவிக் கொண்டே மேலும் சொன்னார்: “என்னிடம் வாதம் இரண்டு இருக்கின்றன. காலில் இருப்பது மூட்டுவாதம். தலையில் இருப்பது பழமைவாதம். முன்னது போக மருந்தில்லை. பின்னது போக மனமில்லை.”

“இரண்டுக்கும் ஒரே மருந்துதான், ஐயா. சற்று முன்னால் நடந்து பார்க்க வேண்டும்” என்றார் அம்மையார்.

நமக்கு உறக்கம் போய்விட்டது. இத்தகைய துணை அமைந்துவிட்டால் ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டர் என்பது ஒரு தூரமா?

உண்மையில், அரசியல் கட்சிகளின் பெயர்களே சொல் விளையாட்டில் பிறந்தவை. இங்கிலாந்தின் பழமைக் கட்சியினருக்கு ‘டோரி’ என்று பெயர். பதினேழாம் நூற்றாண்டில் எதிரிகள் வசைமொழியாக வைத்த பெயர் அது. அயர்லாந்து மொழியில் தலைமறைவாகத் திரியும் கொள்ளைக்காரனைக் குறித்த சொல். எதிர்க் கட்சியாரின் ‘விக்’ என்ற பெயரும் ஸ்காத்லாந்திலிருந்து வந்த வசைமொழியே. இரு திறத்தாரும் வைதவன் கொடுத்த பெயரையே விருதாக அணிந்துகொண்டார்கள். ‘இடதுசாரி’, ‘வலதுசாரி’ என்பனவோ 1789-இல் பிரெஞ்சுத் தேசிய சபையில் உட்கார்ந்த இடத்தைக் கொண்டு வந்தவை. மன்னருக்கு அதிகாரம் வேண்டும் என்றவர்கள் அவைத் தலைவருக்கு வலப் பக்கத்திலும், கூடாது என்றவர்கள் இடப் பக்கத்திலும் அமர்ந்தார்கள். பழமைவாதத்துக்குத் தந்தை என்று போற்றப்படும் எட்மண்டு பர்க், பிரெஞ்சுப் புரட்சியைக் கண்டித்து 1790-இல் நூல் எழுதியவர், ‘விக்’ கட்சிக்காரர்! அவருக்கும் கொல்கத்தாவுக்கும் ஒரு பந்தம் உண்டு. அங்கிருந்து ஆண்ட வாரன் ஹேஸ்டிங்ஸ் மீது இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில் குற்றம் சாட்டி வழக்கை நடத்தியவர் அவரே. 1788-இல் தொடங்கிய விசாரணை 1795-இல் விடுதலைத் தீர்ப்பில் முடிந்தது. ஆயினும், பிற நாட்டாரின் பழைய முறைகளை மிதித்து ஆளக் கூடாது என்று பழமைவாதி ஒருவர் நமக்காக வாதாடியதை மறப்பதற்கில்லை.

இவற்றையெல்லாம் பேசிவிட்டு விளக்கை அணைத்துப் படுத்தோம். இரவில் வண்டி வைதரணி ஆற்றைக் கடந்தது. உயிர் போன பின் பசுவின் வாலைப் பிடித்துக்கொண்டு கடக்க வேண்டிய ஆற்றின் பெயர் அல்லவா அது? நாம் அதை எத்தனையோ முறை கம்பளியைப் போர்த்திக்கொண்டு உறங்கியபடியே கடந்திருக்கிறோம்.

சில்கா கரையில்

பொழுது புலர்ந்து, புவனேசுவரம் தாண்டிய பின் சில்கா ஏரி வந்தது. ஒரு பக்கம் குன்றுகள். மறு பக்கம் கண்ணுக்கு எட்டிய மட்டும் தண்ணீர், மூங்கில் நட்டு வலை கட்டிய மீனவர்கள், தோணிகள். கடலோடு கலந்த இந்த உவர்நீர் ஏரியைச் சன்னலுக்கு அருகே உட்கார்ந்து பார்க்கக் கிடைக்கும் அரைமணி நேரத்துக்காகவே இந்த வண்டியில் போகலாம்.

அம்மையாரும் பேத்தியும் எஞ்சின் இருக்கும் திசையை நோக்கி உட்கார்ந்திருந்தார்கள். ஏரி அவர்களுக்கு இடக்கைப் பக்கம். பெரியவரும் நாமும் எதிர் இருக்கையில், எஞ்சினுக்கு முதுகைக் காட்டிக் கொண்டு.

“பார்த்தீர்களா? உட்கார்ந்திருக்கிற இடமே சொல்லிவிடுகிறது. நீங்கள் முற்போக்கு, நான் பிற்போக்கு. வரப்போவது உங்களுக்குத் தெரிகிறது. கடந்துபோனது எனக்குத் தெரிகிறது. ஒன்று சொல்கிறேன், அம்மா: கடந்துபோனதுதான் நெடுநேரம் கண்ணில் நிற்கும்” என்றார் பெரியவர்.

பிறகு அவர் தம் கட்சியின் கதையை எடுத்தார். அவர் முதன்முதலாக வாக்களித்தது 1967-இல், நட்சத்திரச் சின்னத்துக்கு. அது சுதந்திராக் கட்சியின் சின்னம். இன்றைய இளைஞர்களுக்கு அந்தப் பெயரே புதிதாக இருக்கலாமாகையால் சுருக்கமாகக் கூறுவோம்.

1959 ஜனவரியில் நாகபுரியில் கூடிய காங்கிரஸ் மகாசபை, கூட்டுறவுக் கூட்டுப் பண்ணை முறையை ஏற்றுத் தீர்மானம் செய்தது. உழவனின் நிலம் அவன் கையை விட்டுப் போய்விடும் என்று அஞ்சியவர்கள் அதே ஆண்டு ஜூன் மாதம் சென்னையில் கூடிப் புதிய கட்சி கண்டார்கள். அப்போது ராஜாஜிக்கு எண்பது வயது. விவசாயிகளின் தலைவரான என். ஜி. ரங்கா, முன்னாள் சோஷலிஸ்டான மினூ மசானி, கே. எம். முன்ஷி ஆகியோர் அவரோடு சேர்ந்தனர். எதற்கெடுத்தாலும் சர்க்காரின் அனுமதிச் சீட்டுக்குக் காத்திருக்கும் நிலைமைக்கு ‘லைசென்ஸ் பெர்மிட் ராஜ்யம்’ என்று ராஜாஜி சூட்டிய பெயர் இன்றும் வழங்குகிறது. கட்சி மறைந்தும் சொல் வாழ்கிறது. கட்சிக்குக் கொள்கைகள் இருபத்தொன்று. அவற்றுக்குப் புறம்பான விஷயங்களில் உறுப்பினர் தத்தம் மனம்போலப் பேசலாம் என்பது விதி. 1962-இல் மக்களவையில் 18 இடங்கள். 1967-இல் 44 இடங்களோடு அதுவே பெரிய எதிர்க் கட்சி. 1971-இல் எட்டாகக் குறைந்தது. 1972 டிசம்பரில் ராஜாஜி காலமானார். 1974-இல் கட்சி பாரதீய லோக் தளத்தில் கரைந்துவிட்டது.

“நாம் போய்க்கொண்டிருக்கும் இந்த ரயில் பாதையே எங்கள் கட்சியின் சரித்திரம்” என்று பெரியவர் விரலை மடக்கி எண்ணினார். “வண்டி ஏறிய கல்கத்தாவில் 1947 ஆகஸ்டு 15 முதல் ராஜாஜி மேற்கு வங்க கவர்னர். இதோ, இந்த ஒடிசாவில் 1967-இல் எங்கள் கட்சியைச் சேர்ந்த ஆர். என். சிங் தேவ் முதலமைச்சர். இன்றிரவு கடக்கப் போகும் நிடுப்ரோலு ரங்காவின் ஊர். போய்ச் சேரப் போகும் சென்னையோ கட்சி பிறந்த இடம்.”

அரசு என்னும் சொல்

பேத்தி இதற்குள் செல்பேசியில் மூழ்கிவிட்டாள். பெரியவர் அவளைப் பார்த்துப் பெருமூச்சுவிட்டார். “அந்தக் காலத்தில் ஏட்டுச் சுவடியைச் செல் அரித்தது. இந்தக் காலத்தில் பிள்ளைகளின் பொழுதைச் செல் அரிக்கிறது” என்றார். நாம் சிரித்தோம். பேத்தி நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள்.

ஊருக்குப் போகும் காரணத்தைப் பெரியவர் கேட்டார். சுவரில் அரசு முளைத்த கதையைச் சொன்னோம். அவர் முகம் மலர்ந்தது.

“என்னுடைய அரசியல் முழுவதும் உங்கள் கொல்லைச் சுவரில் இருக்கிறது, ஸார்! அரசு ஊர்ப் பொதுவில் நின்றால் நிழல். வீட்டுச் சுவரில் முளைத்தால் விரிசல். இதற்கு மேல் எங்கள் இருபத்தொரு கொள்கைகளில் என்ன இருக்கிறது?”

எங்கள் சிரிப்பு அடங்குமுன் அம்மையார் கேட்டார்: “நன்றாகச் சொன்னீர்கள், ஐயா. ஆனால் சுவரே இல்லாதவனுக்கு? அவனுக்கு அரசடிதானே வீடு?”

அதன் பிறகு நடந்தது விளையாட்டுப் பேச்சன்று. தேயிலை உலர்த்தும் இயந்திரத்தின் ஓர் உறுப்பை வெளிநாட்டிலிருந்து தருவிக்க, ஓர் அலுவலகத்தின் கையெழுத்துக்காகத் தம்முடைய கம்பெனி பதினொரு மாதம் காத்திருந்ததைப் பெரியவர் விவரித்தார். 1952-இல் சென்னை ராஜ்யத்தின் முதலமைச்சரான ராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை நீக்கியதையும், பதுங்கியிருந்த அரிசி கடைக்கு வந்ததையும் சொன்னார். அம்மையார் 1943-ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தை எடுத்தார். இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்ட பஞ்சம் அது. நாட்டில் அடியோடு தானியம் இல்லாமையன்று, கூலிக்காரனின் கையில் வாங்கும் சக்தி இல்லாமையே அதற்குக் காரணம் என்று அமர்த்தியா சென் 1981-இல் வெளியிட்ட நூலில் விளக்கியிருப்பதைக் கூறினார். “சந்தையை அதன் போக்கில் விட்டால் பணமுள்ளவனை நோக்கித்தான் அரிசி நடக்கும்” என்றார். பெரியவரும் விடவில்லை. “1942-இல் ஜப்பானியர் வருவார்கள் என்று வங்கக் கரையோரத்து ஏழைகளின் படகுகளைப் பறித்து அழித்தது யார், அம்மா? சந்தையா, சர்க்காரா?” என்று திருப்பினார். நாம் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தோம். இருவர் சொன்னதிலும் உண்மை இருந்ததுதான் நமக்குச் சங்கடமாகப் போயிற்று.

அப்போது பேத்தி மெல்லக் கேட்டாள்: “தாத்தா, முன்பு எல்லோரும் ஏன் சிரித்தீர்கள்?”

அவளுக்கு அரசு என்றால் ஆட்சி என்பதும் தெரியாது. மரம் என்பதும் தெரியாது. ஆளுவது அவளுக்குச் சர்க்கார். மரத்துக்கு வங்காளத்தில் வேறு பெயர். இரண்டையும் நாம் விளக்கினோம். தலையை ஆட்டினாள். ஆனால் சிரிக்கவில்லை. விளக்கிச் சொன்ன சிலேடையும் ஆறிப்போன காபியும் ஒன்றுதான்.

காளமேகப் புலவர் பாம்பையும் எள்ளையும் ஒரே பாட்டில் அடைத்தார் என்று கேட்டுக் கை தட்டிய சந்ததி நம்முடையது. கலைமகள் ஆசிரியர் கி. வா. ஜகந்நாதன் மேடையேறினால் அன்றைய சிலேடை என்னவென்று காத்திருப்பார்கள். கதையை மொழிபெயர்க்கலாம், தத்துவத்தை மொழிபெயர்க்கலாம், சமையற் குறிப்பைக் கூட மொழிபெயர்த்துவிடலாம். சிலேடை மட்டும் பிறந்த மொழியை விட்டு ஓரடி நகராது. அப்படியானால், வெளியூரில் வளரும் குழந்தையிடமிருந்து முதலில் விடைபெறும் தமிழ் எது? அப்பளமும் அன்று, அம்மாவும் அன்று, இந்தச் சிரிப்புத்தான். சுவரின் விரிசலைப் படத்தில் பார்த்தபோது உண்டாகாத துயரம் அந்தக் கணத்தில் நமக்கு உண்டாயிற்று.

விசாகப்பட்டினத்தில்

பிற்பகலில் விசாகப்பட்டினம் வந்தது. இந்த ஊரில் வண்டி எந்தப் பக்கமாக நுழைகிறதோ அந்தப் பக்கமாகவே திரும்பிப் போக வேண்டும். எஞ்சினைக் கழற்றி மறு முனையில் மாட்டுவார்கள். அடிக்கடி போகிறவர்களுக்கு இது பழக்கம். பேத்திக்குப் புதுமை. வண்டி கிளம்பியதும் அவள் கூவினாள்: “ஐயோ தாத்தா, நாம் பின்னால் போகிறோம்!”

எவரும் இடம் மாறவில்லை. ஆனால் இப்போது பெரியவரும் நாமும் எஞ்சினை நோக்கி இருந்தோம். அம்மையாரும் பேத்தியும் முதுகைக் காட்டிக் கொண்டிருந்தார்கள். இதுவரை அவர்களுக்கு இடக்கைப் பக்கம் இருந்த கடல் வலக்கைப் பக்கம் போய்விட்டது. நம் சன்னலில் கீழைக் குன்றுகள் வந்து நின்றன.

“இப்போது யார் முற்போக்கு?” என்று பெரியவர் கண்ணைச் சிமிட்டினார்.

“1991-இல் நடந்ததும் இதுதானே, ஐயா” என்று அம்மையாரே ஒப்புக்கொண்டார். அந்த ஆண்டு ஜூலையில், பெரும்பாலான தொழில்களுக்கு லைசென்ஸ் வேண்டியதில்லை என்று அறிவித்தது நரசிம்ம ராவின் காங்கிரஸ் சர்க்கார். நிதியமைச்சர் மன்மோகன் சிங். எந்தக் கட்சியை எதிர்த்துச் சுதந்திராக் கட்சி தோன்றியதோ, அந்தக் கட்சியே அதன் விருப்பத்தை நிறைவேற்றியது. நட்சத்திரம் மறைந்து பதினேழு ஆண்டுகளுக்குப் பின், பிற்போக்கு என்று பெயர் வாங்கியது சீர்திருத்தம் என்று பெயர் மாறிற்று.

“ஆனால் ஒன்று” என்று அம்மையார் தொடர்ந்தார். “கொல்கத்தாவில் டிராம் வண்டியை எடுத்துவிடக் கூடாது என்று நான் கையெழுத்து வாங்கிக்கொண்டு அலைகிறேன். 1873-இல் குதிரை இழுத்த டிராம். 1902-இல் மின்சாரத்துக்கு மாறிய டிராம். எப்படி விடுவது?”

பெரியவர் இருகையும் கூப்பினார். “வாருங்கள், அம்மா, வாருங்கள்! நீங்களும் நம் கட்சிதான். மூட்டுவாதம் மட்டும் இன்னும் வரவில்லை.”

கோதாவரியில் தோணி

மாலையில் ராஜமகேந்திரபுரத்தை நெருங்கினோம். ஹவுராவிலிருந்து பேத்தி ஆறுகளை எண்ணிக்கொண்டு வந்தாள். ஆறு ஆறுகளோடு முடியவில்லை. ரூப்நாராயண், சுபர்ணரேகா, பிராமணி, மகாநதி, ரிஷிகுல்யா, வம்சதாரா, நாகாவளி என்று பெயர் சொல்லிக்கொண்டே வந்து இப்போது கோதாவரி. அந்திச் செம்மையில் அகன்று கிடந்தது ஆறு. 1900-இல் திறக்கப்பட்ட பழைய ஹாவ்லக் பாலம், 1997-இல் பணி ஓய்வு பெற்றதாயினும் இன்னும் தூண்களை ஊன்றி நின்றுகொண்டிருக்கிறது.

“1939-இல் திரிபுரி காங்கிரசில் ராஜாஜி, சுபாஷ் போஸை ஓட்டைத் தோணி என்னும் பொருள்படப் பேசிவிட்டார்” என்றார் அம்மையார். “நர்மதைக் கரையில் சொன்ன சொல். எட்டு ஆண்டு கழித்து அவர் வங்காளத்துக்கு கவர்னராக வந்தபோதும் அங்கு ஆறவில்லை.”

“ஆற்றங்கரையில் சொன்ன சொல் எப்படி ஆறும்?” என்றார் பெரியவர். “சொன்னது மிதவாதி அல்லவா? மிதக்கும் தோணி எது, முழுகும் தோணி எது என்று அவருக்குத் தெரியாதா?”

அம்மையார் சிரிக்கவில்லை. சற்று நேரம் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

“ஐயா, ராஜாஜியும் விசாகப்பட்டினம் போன்றவர்தான். 1938-இல் பள்ளிகளில் இந்தியைப் புகுத்தியவர், பிறகு இந்தி மட்டும் ஆட்சி மொழியாவதை எதிர்த்தார். 1939-இல் ஆலயப் பிரவேசத்துக்குச் சட்டம் கண்டார். அவற்றுக்காக அவரைப் போற்றுகிறேன். ஆனால் 1953-இல் ஒரு கல்வித் திட்டம் கொண்டு வந்தாரே? கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பாதி நேரம் பள்ளிக்கூடம். மீதி நேரம் தகப்பன் தொழில். என் தாத்தா பனையேறினார். அப்பாவுக்கு அப்போது ஒன்பது வயது; இந்தக் குழந்தையின் வயது. 1954-இல் ராஜாஜி பதவி விலகி, காமராஜ் வந்து அந்தத் திட்டத்தை எடுத்துவிட்டார். அப்பா முழு நேரமும் பள்ளிக்கூடம் போனார். அதனால்தான் நான் இங்கே உட்கார்ந்து உங்களோடு வாதாடுகிறேன். பழமையைக் காக்க வேண்டும் என்கிறீர்கள். யாருடைய பழமை? அதைத் தீர்மானிப்பவர் யார்?”

பாலத்தின் இரும்புச் சத்தம் மட்டும் கேட்டது. பெரியவருக்கு அப்போது சிலேடை வரவில்லை. கோதாவரி முழுவதும் கடந்து, கரையின் வாழைத் தோட்டங்கள் வந்த பிறகுதான் வாய் திறந்தார்.

“பள்ளிக்கூடம் போதாமையால் இருப்பதைக் கொண்டு எல்லாப் பிள்ளைகளுக்கும் இடம் கொடுக்கலாம் என்று அவர் எண்ணினார் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். நானும் அதையே சொல்லி வந்தேன். ஆனால், எங்கள் வீட்டுப் பிள்ளைகள் எவரும் அரை நேரம் படிக்கவில்லை.” சற்று நிறுத்தினார். “அந்தச் சுவர் இடிந்தது நல்லதுதான், அம்மா.”

ஒருவர் தம் வாழ்நாள் முழுவதும் பிடித்திருந்த கட்சியிலிருந்து ஓரங்குலம் இறங்குவதை நேரில் காண்பது எளிதன்று. அம்மையார் தம் டப்பாவைத் திறந்து அவருக்கு முதலில் நீட்டினார். திருநெல்வேலி முறையில் செய்த புளியோதரை. இருவரும் பேசாமல் உண்டார்கள்.

சொல்லும் செல்லும்

இரவு விஜயவாடாவில் வண்டி நின்றிருந்தது. பேத்திக்கு உறக்கம் வந்துவிட்டது. செல்பேசியை நம்மிடம் கொடுத்துவிட்டு மடியில் தலை சாய்த்துக்கொண்டாள்.

“தாத்தா, கதை சொல்” என்றாள்.

அந்த நொடியில் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நகர்ந்தது. பேத்தி எழுந்து உட்கார்ந்து கலகலவென்று சிரிக்கத் தொடங்கினாள்.

“நான் உங்களிடம் ‘சொல்’ என்றேன், தாத்தா. வண்டி ‘சொலோ’ என்று நினைத்துக்கொண்டு கிளம்பிவிட்டது! ஹவுரா வண்டி அல்லவா? அதற்கு வங்காளம்தானே தெரியும்?”

வங்க மொழியில் ‘சொலோ’ என்றால் ‘போகலாம் வா’ என்று பொருள். கொல்கத்தா அன்பர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பெரியவர் படுத்திருந்தவர் எழுந்துவிட்டார். மூட்டுவாதம் எங்கே போயிற்றோ!

“குழந்தே, தமிழில் ‘செல்’ என்றாலும் ‘போ’ என்றுதான் அர்த்தம். ‘சொல்’ என்று நீ சொல்ல, ‘செல்’ என்று தமிழும் சொல்ல, ‘சொலோ’ என்று வங்காளமும் சொல்ல, பாவம், வண்டி என்ன செய்யும்?” என்றார்.

“என் கையில் இருந்ததும் செல்!” என்றாள் பேத்தி.

சிலேடை பிறந்த மொழியை விட்டு நகராது என்று காலையில் முடிவு கட்டினோம் அல்லவா? அந்த முடிவை இங்கே திரும்பப் பெற்றுக்கொள்கிறோம். ஒரு மொழியின் சிலேடை மற்றொன்றுக்குப் போகாதிருக்கலாம். இரண்டு மொழிகளும் ஒரு குழந்தையின் வாயில் உரசினால் புதிதாக ஒன்று பிறக்கிறது. அதைத் தஞ்சாவூரில் இருக்கும் குழந்தை சொல்லியிருக்க முடியாது. தமிழ் தெரியாத கொல்கத்தாக் குழந்தையும் சொல்லியிருக்க முடியாது.

கிருஷ்ணையைக் கடந்து, இருட்டில் நிடுப்ரோலுவைத் தாண்டியபோது விழித்திருந்தவர்கள் பெரியவரும் நாமும் மட்டுமே. நிலைய விளக்குகள் ஓடி மறைந்தன. அவர் சன்னலைப் பார்த்து லேசாகக் கையை உயர்த்தினார். பொழுது விடியுமுன் சென்னை வந்துவிட்டது. பெரியவரின் பெட்டியை அம்மையார் இறக்கிக் கொடுத்தார். படி இறங்கும்போது கையும் கொடுத்தார்.

கொல்லைச் சுவர்

ஊரில் கொத்தனார் வந்து பார்த்தார். அரசங்கன்றை வெறுமனே வெட்டினால் மறுபடி துளிர்க்கும். பிளவைச் சுற்றிச் செங்கற்களைப் பெயர்த்து வேரோடு எடுத்துவிட்டுச் சுண்ணாம்புச் சாந்து வைத்துக் கட்ட வேண்டும் என்றார். வெட்டி எறிய யாருக்கும் மனமில்லை. அரசை வெட்டுவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. வேர் அறாமல் எடுத்து, ஈரச் சாக்கில் சுற்றி, குளக்கரையில் கொண்டுபோய் நட்டோம். பேத்தி சொம்பில் தண்ணீர் மொண்டு ஊற்றினாள்.

ஊற்றிவிட்டுக் கன்றையும், தூரத்தில் தெரிந்த வீட்டையும் பார்த்துக்கொண்டே நின்றவள் திடீரென்று சிரித்தாள்.

“ரயில் தாத்தா சொன்னது இப்போது புரிந்தது. அரசு சுவரில் இருக்கக் கூடாது. இங்கேதான் இருக்க வேண்டும்.” பிறகு யோசித்துச் சொன்னாள்: “சுவர் இல்லாதவர்கள் இங்கே வந்து உட்கார்ந்து கொள்ளலாம், அந்த மாமி சொன்னதுபோல.”

வீட்டை விற்கும் பேச்சு முடியவில்லை. சுவரைக் கட்டிவிட்டு, ஓராண்டு பொறுத்துப் பார்ப்பது என்று தம்பியும் நாமும் முடிவு செய்திருக்கிறோம். அடுத்த விடுமுறையில் கன்று எவ்வளவு உயரம் வளர்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்கிறாள் பேத்தி. அதற்கும் ரயிலில்தான் போகவேண்டுமாம்.